இல்லத்தின் இரகசியம் ஓர் அமானிதம்

அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹு தஆலாவுக்கே புகழனைத்தும். அவனுடைய அருமைத் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி பெற்று, அவ்வீட்டாருக்கு ஸலாம் உரைக்க வேண்டும் என்பது திருமறையின் 24வது அத்தியாயமான ‘அந்நூர்’ நமக்கு இட்டிருக்கும் கட்டளை. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வளரும், பருவமடையாத பிள்ளைகள்கூட ஃபஜ்ருக்கு முன்பும், நடுப்பகலில் மேலாடை களைந்து இளைப்பாறும் வேளையிலும், இஷாவுக்குப் பின்பும் பெரியவர்களின் அறைக்குள் கேட்டுத்தான் வர வேண்டும் என்று அதே அத்தியாயம் கற்பிக்கிறது. பெற்ற பிள்ளைக்கே இப்படியென்றால், அந்நியனுக்கு எப்படி என்று சிந்தித்துப் பாருங்கள்.

பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்துக் கதவிலிருந்த ஒரு துவாரத்தின் வழியாக ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போது நாயகம் (ஸல்) அவர்களின் கையில் தலை கோதும் சீப்பு ஒன்று இருந்தது. நீர் பார்ப்பது தெரிந்திருந்தால் இதைக் கொண்டே உமது கண்ணைக் குத்தியிருப்பேன் என்னும் கருத்தில் அவரை வன்மையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் விளக்கினார்கள். இதனை ஸஹ்ல் பின் ஸஅது (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த மனிதர் வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை, எதையும் திருடவுமில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அதற்கே இத்தனை கண்டிப்பு!

இன்றோ அந்தத் துவாரம் கதவில் இல்லை. நம் பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசியில் இருக்கிறது. ரோப்ளாக்ஸ், மைன்கிராஃப்ட், ஃபோர்ட்நைட் போன்ற விளையாட்டுகளில் நம் சிறார்கள் ஒரு பொம்மை உருவத்தைத் தமக்கென அமைத்துக் கொண்டு, மெய்நிகர் உலகம் ஒன்றிலே உலவுகிறார்கள். அங்கே வீடு கட்டுகிறார்கள், கூட்டாளிகளைச் சேர்க்கிறார்கள், முகம் அறியாதவர்களோடு எழுத்திலும் குரலிலும் உரையாடுகிறார்கள். வாசற்கதவைத் தாழிட்டு, சன்னலுக்குத் திரையிட்டு, பிள்ளை உள்ளறையில் பத்திரமாக இருக்கிறான் என்று தாய் நிம்மதியாக இருக்கிறாள். அந்த உள்ளறையே கடைவீதியாகிவிட்டதை அவள் அறிவதில்லை.

‘அது வெறும் பொம்மை உலகம்தானே, அதில் நம்மை யார் அறியப் போகிறார்கள்?’ என்று சிலர் கேட்கலாம். நடந்தவற்றைப் பாருங்கள்.

‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகத்தின் பதிவேட்டில் 2006 செப்டம்பரில் அந்நியர் ஊடுருவினர். சுமார் 6,50,000 பேரின் கணக்குகள் அந்தப் பதிவேட்டில் இருந்தன. பொம்மைப் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த உண்மைப் பெயரும் முகவரியும் அங்கேதான் எழுதி வைக்கப்பட்டிருந்தன.

ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டியது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் அந்நிறுவனம் இதற்காக 27.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. சிறுவர்கள் முன்பின் அறியாதவர்களோடு பேசும் வசதி, யாரும் கேளாமலே முதலிலிருந்தே திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. அனுமதி கேட்கும் ஒழுக்கம் பறிபோனால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னொரு செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. தலையில் கருவியை மாட்டிக் கொண்டு விளையாடும் 50,000க்கும் மேற்பட்டோரின் தலை, கை அசைவுகளைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2023ல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் 100 விநாடி நேர அசைவைக் கொண்டே, இவர் இன்னார் என்று 94 சதவிகிதத்துக்கும் மேலாகச் சரியாக இனங்காண முடிந்ததாம்! மஹ்ஷர் வெளியில் வாய் முத்திரையிடப்பட்டு, கைகள் பேசும், கால்கள் சாட்சி கூறும் என்று யாஸீன் அத்தியாயத்தில் ஓதுகிறோம். மனிதன் செய்த கருவிக்கே நம் கையசைவு இவ்வளவு சொல்லுமானால், படைத்தவனுக்கு முன் எதை மறைக்க முடியும்? அல்லாஹ்விடம் மறைவு கிடையாது. ஆனால் அடியார்களிடம் மானத்தைக் காத்துக் கொள்ளும்படி நாம் ஏவப்பட்டிருக்கிறோம்.

சகோதரர்களே! இதில் நாம் முக்கியமாக உணர வேண்டியது ஒன்றுண்டு. நம் வீட்டு விஷயம் நம் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. வாப்பாவின் வருமானம், உம்மாவின் நோய், அக்காவின் நிக்காஹ் பேச்சு இவையெல்லாம் அவரவருடைய அமானிதங்கள். ஒருவர் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்துவிட்டு நம்மிடம் ஒன்றைச் சொன்னால், அந்தப் பேச்சே அமானிதமாகிவிடும் என்ற கருத்துள்ள ஹதீஸை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று வாய்விட்டுக் கூறக்கூடத் தேவையில்லை!

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அவரை அனுப்பினார்கள். தாமதமாக வீடு திரும்பிய மகனிடம் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்டார்கள். அது இரகசியம் என்றார் மகன். தாயார் துருவித் துருவிக் கேட்கவில்லை. அப்படியானால் அல்லாஹ்வின் தூதருடைய இரகசியத்தை யாரிடமும் வெளியிடாதே என்றே புத்தி சொன்னார்கள். பிள்ளைகளுக்கு இரகசியம் காக்கும் பயிற்சி தாயின் மடியிலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு இது அழகிய முன்மாதிரியாகும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உண்மைப் பெயரைச் சொல்லாமல் புனைபெயரில் உலவுவது பொய்யாகாதா? மறைப்பது வேறு; ஏமாற்றுவது வேறு. கேட்பவர் எல்லோருக்கும் நம் பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும் என்ற கடமை நமக்கில்லை. ஆனால் ஆண் பெண்ணாக நடித்தோ, இன்னொருவரின் பெயரைச் சூடியோ பிறரை மோசம் செய்வது ஹராமாகும்.

எனவே ஒவ்வொரு வீட்டிலும் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போமாக.

முதலாவது: விளையாட்டில் சூடும் பெயரில் உண்மைப் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், பள்ளிக்கூடம் எதுவும் இடம்பெற வேண்டாம். கடவுச்சொல்லை ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறாக வைத்து, நெருங்கிய நண்பனுக்கும் சொல்லாதிருக்க வேண்டும்.

இரண்டாவது: அந்நியர் பேசும் வசதியைப் பெற்றோர் தாமே அமைப்புகளில் சென்று அடைத்துவிட வேண்டும். ஒலிவாங்கி திறந்திருந்தால் பிள்ளையின் குரல் மட்டுமா போகும்? அடுப்படியில் பெண்கள் பேசுவதும் சேர்ந்து போகும். தலையில் மாட்டும் கருவியிலுள்ள கேமராக்கள் அறையையும் நோக்குகின்றன என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது: இலவச நாணயம் தருகிறேன் என்று கடவுச்சொல் கேட்பவனையும், ‘வாட்ஸ்அப்புக்கு வா, படம் அனுப்பு, வீட்டில் சொல்லாதே’ என்பவனையும் உடனே தடுத்துவிடப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். தீயவன் கோரும் இரகசியம் அமானிதமாகாது. அதைப் பெற்றோரிடம் சொல்வதே கடமை. அப்படிச் சொல்ல வரும் பிள்ளையை அடித்து விரட்டினால், அடுத்த முறை அவன் நம்மிடம் வரமாட்டான். இந்தியாவில் பணம் பறிபோனால் 1930, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்களில் உதவி கோரலாம்.

நான்காவது: நம் பிள்ளைகளும் பிறர் வீட்டுத் துவாரத்தில் எட்டிப் பார்க்கலாகாது. அடுத்தவர் கணக்கில் நுழைவதும், நண்பன் தனித்துச் சொன்னதைப் படமெடுத்துப் பரப்புவதும் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் தடுத்திருக்கும் துருவி ஆராய்தலைச் சேர்ந்தவையே.

‘அல்லாஹ் காப்பான்’ என்று கூறி எல்லாவற்றையும் திறந்து போட்டுவிடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்த நபியின் உம்மத்தினர் நாம். இன்றிரவு வாசற்கதவைத் தாழிடும்போது, பிள்ளையின் கையிலுள்ள கதவையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

வல்ல நாயன் அல்லாஹு தஆலா நம் இல்லங்களின் மானத்தையும், மக்களின் ஈமானையும் காத்து, ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி நடக்க நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.