தலையும் தாளும்

மனித சமுதாயத்தை ஓர் உடலாக உருவகிப்பது பல நாடுகளிலும் பழைய வழக்கு. தலை எண்ணுகிறது, தாள் சுமக்கிறது. ஆதலின் அவரவர் தரம் வித்திலேயே விதிக்கப்பட்டது என முடிவு கட்டியோரும் உளர். சடாரி சாத்தப்பெறும் சந்நிதியில் தாளே தலைமேல் அமர்வதை அவர்கள் எண்ணினார்களோ, இல்லையோ! அது நிற்க. உடல் உண்மையில் அவ்வாறுதான் அமைந்துள்ளதா?

ஒற்றை உயிரணுவாகத் தொடங்கும் கரு, பிரிந்து பெருகி நரம்பும் தோலும் எலும்புமாகிறது. பிரியுந்தோறும் மரபுச் செல்வமும் பங்கிடப்படுகிறது. நரம்புக்கு நரம்பின் பங்கே கிட்டும் என ஜெர்மானிய அறிஞர் வைஸ்மன் 1892-இல் எழுதினார். பொருத்தமான கருத்தாகவே தோன்றியது. ஆயினும் 1962-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்து உட்கருவை எடுத்து, தன் உட்கருவை இழந்த தவளை முட்டையுள் வைத்தார். அவ்வாறு செய்த முட்டைகளிற் சில முழுத் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. குடலாகிவிட்ட அணுவிலும் கண்ணுக்கும் மூளைக்கும் உரிய மரபணுக்கள் அழியாதிருந்தன!

முதிர்ந்த செங்குருதியணு உட்கருவையே துறந்துவிடுகிறது. இத்தகைய சில விலக்குகள் நீங்கலாக, மூளையணுவும் உள்ளங்கால் அணுவும் ஏறக்குறைய ஒரே ஏட்டுக்கட்டை உடையவை. எந்த ஏடு விரிகிறது, எது கட்டுண்டு கிடக்கிறது என்பதே வேறுபாடு. அதை முடிவு செய்வதில் அணு இருக்கும் இடத்துக்கும், அண்டை அணுக்கள் விடுக்கும் வேதிக் குறிப்புகளுக்கும் பெரும்பங்கு உண்டு. 1924-இல் ஸ்பீமனும் ஹில்டே மாங்கோல்டும் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டிற்று. நீர்ப்பல்லியின் கருவொன்றிலிருந்து சிறு துண்டை எடுத்து மற்றொரு கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினர். வயிற்றுத் தோலாக வேண்டிய அணுக்கள், புதிய அண்டையாரின் தூண்டுதலால் நரம்பு மண்டலமாயின.

இதனால் மனித சமத்துவம் நிறுவப்பட்டது என்பாரும் பிழையே செய்கின்றனர். அணுவுக்கு விருப்பமில்லை, மானமில்லை. மனிதனுக்கு இரண்டும் உண்டு. மனிதரை நிகராக மதிக்க நுண்ணோக்கியின் சான்றும் தேவையில்லை. ஆனால் ஏற்றத்தாழ்வுக்கு உடலைச் சாட்சிக்கு அழைத்தோர், அச்சாட்சி கூறியதை முழுமையாகக் கேட்கவில்லை.

கட்டுண்ட ஏடுகள் மீண்டும் விரியுமா என்னும் வினா நெடுநாள் நீடித்தது. கியோத்தோவில் ஷின்யா யமனாகாவின் குழுவினர் 2006-இல் எலியின் அணுக்களிலும், 2007-இல் மனிதத் தோலின் அணுக்களிலும் நான்கே மரபணுக்களைப் புகுத்தி, அவற்றைக் கருநிலைக்கு ஒப்பான நிலைக்கு மீட்டனர். கர்டனும் யமனாகாவும் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இங்ஙனம் மீட்கப்பட்ட தோலணுக்களிலிருந்து வளர்த்த இதயத் தசையணுக்கள், ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டில் தாமே துடிக்கின்றன.