திருவதிகைச் சூலையும் குடலுக்குள் ஒரு கிளிப்பும்

உணவுப்பாதையில் ஆரம்ப நிலையிலிருக்கும் கட்டியை வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுத்த பிறகு, உள்ளே திறந்து கிடக்கும் புண்ணை மூடுவதா, உடம்பே ஆற்றிக்கொள்ள விடுவதா என்று மருத்துவர்கள் ஒப்பிட்டு ஆராய்கிறார்கள். ஆற்றுவது இறைவன் அருள் என்றால் இந்த ஒப்பீடு எதற்கு என்று கேட்கும் பக்தர்கள் உண்டு. கடலூர்ச் சீமையில் அந்தக் கேள்விக்குத் தனி வலு இருக்கிறது. பாடலிபுரம் என்ற திருப்பாதிரிப்புலியூரில் சமணத் தலைவராக இருந்த தருமசேனரைச் சூலை நோய் வாட்டியதும், தமக்கை திலகவதியார் திருவதிகையில் திருநீறு தந்ததும், அவர் நாவுக்கரசரானதும் இங்கே எல்லோரும் அறிந்த வரலாறு. ஆனால் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பெரிய புராணத்தை ஊன்றிப் படித்தால், அங்கே பலிக்காமல் போனவை மந்திரித்த குண்டிகை நீரும் மயிற்பீலித் தடவலும்தான். அந்த வரலாற்றை மருத்துவத்துக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது சேக்கிழார் சொல்லாததைச் சொல்வது.

இதைத் தெளிவாகப் பார்க்கச் சைவ சித்தாந்தமே போதும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பிரித்துச் சொல்லும் நெறி அது; சிதம்பரத்தில் உமாபதி சிவம் வளர்த்ததும் அதைத்தான். குயவனை ஒப்புக்கொண்டவர் சக்கரம் வேண்டாம் என்பதில்லை. எண்டோஸ்கோப்பி குழாய் வழியே போகும் உலோகக் கிளிப்பின் இரு தாடைகளும் புண்ணின் இரு கரைகளையும் கவ்விச் சேர்க்கும். ஓரத்தில் தொடங்கி ஒன்றை அடுத்து ஒன்றாகப் போட்டு வருவார்கள். நாளாவட்டத்தில் அது தானாகக் கழன்று மலத்தோடு வெளியேறிவிடும்; அங்கே மிஞ்சுவது வளர்ந்த சதை மட்டுமே. கிளிப் ஆற்றுவதில்லை, ஆறும்வரை காக்கிறது. ஆற்றும் சக்தியை அருள் என்று வணங்குகிறவருக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை.

அப்படியானால் எல்லாப் புண்ணையும் மூடிவிடலாமே என்றால், அதுவும் சரியில்லை. இரைப்பைப் புண், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு பெரும்பாலும் இரண்டு மாதத்தில் ஆறிவிடும். முன்சிறுகுடலின் சுவர் மெல்லியது. பித்தமும் கணைய நீரும் மேலே வழிவதால் திறந்து விட்டால் ஓட்டை விழும் ஆபத்து அதிகம். பெருங்குடலில் 20 மில்லிமீட்டருக்குக் குறையாத பாலிப்புகளை எடுத்த சுமார் 900 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மூடியவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும் மூடாதவர்களில் 7.1 விழுக்காட்டினருக்கும் பின்னர் இரத்தக்கசிவு வந்தது. அந்த நன்மையெல்லாம் குடலின் முற்பகுதியில்தான்: அங்கே 3.3, 9.6. பிற்பகுதியில் பயன் தெரியவில்லை. எந்த இடத்துக்கு எந்தத் துணைக்காரணம் பொருந்தும் என்பதைத் தியானத்தால் அறிய முடியாது. கிளிப்போ தையலோ, ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டும்.

ஒப்பிடுவதற்காகச் சிலரை மூடாமல் விடுவது கருணையா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. எது நல்லது என்று யாருக்கும் தெரியாத வரையில், நோயாளியின் சம்மதத்தோடு செய்தால், யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை. 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், ஜீவகாருண்யம் போக்க வேண்டிய துன்பங்களில் பிணியையும் சேர்த்தே சொன்னார். கசிவு ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் வரலாம். அப்போது நோயாளி காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்தில் இருப்பார். நடுராத்திரியில் எண்டோஸ்கோப்பி வசதியுள்ள ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டும். கிளிப்புகளின் விலையும் பல நேரம் அந்தக் குடும்பத்தின் தலையில்தான். 9.6 என்ற எண்ணை அவருக்காகப் படிக்க வேண்டும்: முற்பகுதியில் பெரிய புண் என்றால் செலவானாலும் மூடி அனுப்ப வேண்டும், பிற்பகுதியில் என்றால், கசிவுக்கு அஞ்சி மட்டும் அந்தப் பணத்தை அவரிடமிருந்து வாங்கக் கூடாது.