கைக்கெட்டும் வேட்டை

 



மணமேல்குடியில் ஓரிரவு இஷா தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பிறகு, ஓர் இளைஞர் மட்டும் தூணருகில் தயங்கி நின்றார். அருகில் அழைத்து விசாரித்தேன்.

"ஹஜ்ரத், கண்மாய்க் கரையிலே நெல்லைத் தூவி வச்சுக் கொக்கு புடிச்சோம். கூட்டாளி அந்த நெல்லை மருந்துல ஊற வச்சிருந்தான். விடியக்காலம் போய்ப் பார்த்தா பத்துப் பதினஞ்சு மயங்கிக் கெடந்துச்சு. நான் பிஸ்மி சொல்லித்தான் அறுத்தேன். ஆனா அறுக்கையிலே ரெண்டு மூணு ஆடவே இல்லை. அம்மா ஆக்கித் தந்தாங்க, எல்லாரும் தின்னோம். அது ஹலால்தானே?"

நான் பதில் சொல்லு முன் அவரே தொடர்ந்தார்: "எங்க மாமா சொல்றாரு, அமெரிக்காவுலே கரடிக்கே மிட்டாய், ரொட்டியெல்லாம் வச்சு வரவழைச்சுச் சுட அரசாங்கமே அனுமதி கொடுக்குதாம். இங்கே கொக்குக்கு நாலு நெல்லுத் தூவினா என்ன குத்தம்னு கேக்குறாரு."

அந்தப் பிள்ளை கேட்டது ஒரு கேள்வியல்ல, மூன்று. தின்றது ஹலாலா? இரை வைப்பது தகுமா? நாட்டுச் சட்டத்துக்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு? இவற்றை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருப்பது அவசியம் என்பதால் இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் மாமா சொன்ன கரடிக் கதையைப் பார்ப்போம். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கரடிக்கு இரை வைத்து வேட்டையாட அனுமதி உண்டு. அதைத் தடை செய்யலாமா என்று 2004-லும் 2014-லும் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். இரு முறையும் தடை தோற்றது. எனினும் இரை வைப்பவர் எப்படியும் வைத்துவிட முடியாது. உரிமம் வேண்டும், வேட்டைக் காலத்துக்கு முப்பது நாட்களுக்கு முன்பிருந்துதான் இரை வைக்கலாம், வைத்த இடத்தில் தம் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கட்டவேண்டும். கொலராடோ மாநில மக்களோ 1992-லேயே வாக்களித்து, கரடிக்கு இரை வைப்பதை அடியோடு தடுத்துவிட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2014-ல் இரை வைத்த இடத்திலேயே நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன. யாரும் சுடவில்லை. இரையாக வைத்த சாக்லேட்டே அவற்றுக்கு நஞ்சாகியிருந்தது. அதன் பிறகு அம்மாநிலம் சாக்லேட்டை இரையாக வைப்பதைத் தடை செய்தது.

நமக்குக் கரடி ஹராம் என்பது தெரிந்ததே. கோரைப் பல்லால் தாக்கும் மிருகங்களையும், நகத்தால் கிழிக்கும் பறவைகளையும் உண்ணலாகாதென நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே அவர்களுடைய சட்டம் நமக்கு ஆதாரமன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வேட்டையை அனுமதிக்கும் நாட்டிலேயே இத்தனை வரம்புகள்! மாமா அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிட்டார்.

இனி நம் நாட்டுச் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்கே விரிந்த பொருள் தருகிறது. கொல்வது மட்டும் வேட்டையல்ல. நஞ்சிடுவது, கண்ணி வைப்பது, இரை வைப்பது, இவற்றுக்கு முயல்வது ஆகிய எல்லாமே அச்சட்டப்படி வேட்டைதான். நெல்லைத் தூவிய அந்த நிமிஷமே குற்றம் நிறைவேறிவிடுகிறது; பறவை வந்து தின்னாவிட்டாலும் சரியே. நம் கண்மாய்களுக்கு வரும் நீர்ப்பறவைகளும், காட்டிலுள்ள கரடியும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. 2022-ல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அபராதத் தொகைகள் உயர்த்தப்பட்டுள்ளன. பொதுவான குற்றங்களுக்கே மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று உள்ளது. முதல் அட்டவணையில் உள்ள பிராணிகள் என்றால் குறைந்தது மூன்றாண்டு, அதிகம் ஏழாண்டு. நான்கு கொக்குக்காக ஒரு வீட்டுப் பிள்ளை கோர்ட்டுக்கு அலைவதை எந்தத் தாய் விரும்புவாள்?

"ஹஜ்ரத், சட்டம் மனிதன் போட்டது, மார்க்கம் ஹலாலாக்கியதை அவன் எப்படித் தடுக்கலாம்?" என்று சிலர் கேட்பதுண்டு. ஹலால் என்பது செய்தே தீரவேண்டும் என்ற கட்டளையல்ல. பாவத்தை ஏவாத, பொதுநலம் கருதிய சட்டத்துக்குக் கட்டுப்படுவது நாம் வாழும் நாட்டோடு நாம் செய்துகொண்ட உடன்படிக்கையில் அடங்கும். திருமறையில் அல்மாயிதா அத்தியாயம் எப்படித் தொடங்குகிறது? உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு முஃமின்களை ஏவுகிறது. அதே வசனத்திலேயே வேட்டையின் வரம்பையும் சொல்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் அல்லாஹ் வைத்திருப்பதைச் சிந்திக்க வேண்டாமா?

நம் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் வேட்டை நமக்கு ஹலாலாக்கப்பட்டது. ஆனால் நம் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்துள்ளது. ஆவுளியா என்று நம் கரையோர மக்கள் அழைக்கும் அந்தச் சாதுப் பிராணி கடற்புல்லை மேய்ந்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரேயொரு குட்டி போடுகிறது. அது அருகிப்போகும் நிலையில், வலையில் உயிரோடு மாட்டியதை அறுத்துக் கூறுபோடாமல் கடலிலேயே விட்டுவிடும் மீனவர் இழப்பது கொஞ்சம் இறைச்சி. அவர் காப்பதோ அல்லாஹ்வின் படைப்பில் ஒரு இனத்தை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். நம் பகுதியினர் பெரும்பாலும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபைப் பின்பற்றுவோர். அம்மத்ஹபில் லக்லக் எனப்படும் நாரை நீங்கலாக நீர்ப்பறவைகள் இனத்தால் ஹலால். ஆனால் இனத்தால் ஹலாலானது, உயிர் பிரிந்த விதத்தால் ஹராமாகிவிடும். ஆடு ஹலால்தான், செத்த ஆடு ஹராம் அல்லவா?

வலையோ கண்ணியோ வைத்துப் பிடித்தால், பிராணி உயிரோடு கையில் கிடைத்து முறைப்படி அறுக்கப்பட வேண்டும். கண்ணியிலேயே செத்திருந்தால் அது மைய்யித்து. நஞ்சு தின்று செத்ததும் மைய்யித்துத்தான். நஞ்சால் மயங்கி உயிர் போகும் தறுவாயில் இருப்பதை அறுத்தாலும், அதில் 'ஹயாத்து முஸ்தகிர்ரா' எனும் நிலையான உயிர் இருந்தாக வேண்டும். அறுக்கும்போது வலுவாகத் துடிப்பதும், இரத்தம் பீறிட்டு வருவதும் அதன் அடையாளங்கள். இரண்டும் இல்லையெனில் பிஸ்மி சொன்னாலும், கத்தி கூர்மையாயினும் அது ஹலாலாகாது. பிணத்தின் மீது ஓதப்படும் பிஸ்மி அதை உணவாக்காது.

அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றி நாயகத்திடம் நுணுக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். ஆயுதத்தின் கூர்முனை பட்டுச் செத்ததை உண்ணலாம். அதன் அகலப்பகுதி மோதிச் செத்ததை உண்ணலாகாது என்று அவர்களுக்கு விளக்கப்பட்டது. எய்த பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாததால் அதை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. சந்தேகம் வந்த இடத்தில் வயிற்றின் பக்கம் தீர்ப்புச் சொல்லாமல் பேணுதலின் பக்கம் தீர்ப்புச் சொன்ன மார்க்கம் இது! கொன்றது மருந்தா கத்தியா என்று தெரியாத கொக்குக்கும் இதில் பாடம் இருக்கிறது.

இரை வைப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. தூவிய நெல் யாருக்கு என்று நெல்லுக்குத் தெரியாது. கொக்குக்கு வைத்ததை அண்டை வீட்டு வாத்தும் கோழியும் தின்னும். தண்ணீருக்கு வரும் ஆடும் தின்னும். செத்த பறவையைத் தின்ற நாயும் பருந்தும் சாகும். வயலுக்குப் போடும் குருணை மருந்து அந்த இறைச்சியோடு நம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் வரும். காட்டோரக் கிராமங்களில் பன்றிக்காக அவுட்டுக்காய் வைக்கிறார்களே, அது வாயில் வெடித்து ஆடுமாடுகளும் யானைகளும் துடித்துச் சாகின்றன. 2020 மே மாதத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், காய்க்குள் வைத்த வெடி வாயில் வெடித்து, சினையாக இருந்த யானையொன்று ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிர்விட்டதை நாடே அறியும். தனக்கும் பிறர்க்கும் தீங்கிழைத்தல் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று.

சிலர் பிடித்த கொக்கு ஒன்றின் கண்ணைத் தைத்து, அதைக் கட்டிவைத்து மற்றக் கொக்குகளை வரவழைக்கிறார்கள். இது வேட்டையன்று, வதை. உயிருள்ள ஒன்றைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய வாலிபர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், அப்படிச் செய்பவரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்னார்கள். ஒரு பிரயாணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட அருள் நபியவர்கள், அதன் குஞ்சுகளைப் பறித்து அதை வேதனைப்படுத்தியவர் யாரெனக் கேட்டு, திருப்பி விடுமாறு பணித்தார்கள். ஒரு பறவையின் தவிப்பைப் பொறுக்காத அந்த உள்ளத்தின் உம்மத்தல்லவா நாம்?

சகோதரர்களே! இவ்வளவும் சட்டம். சட்டத்துக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது.

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு ஸஹாபாப் பெருமக்கள் ஹுதைபிய்யாவில் இஹ்ராமுடன் இருந்தபோது, வேட்டைப் பிராணிகள் அவர்களுடைய கூடாரங்கள் வரை வந்தன என்று விரிவுரையாளர்கள் சொல்வார்கள். கையை நீட்டினால் பிடித்துவிடலாம். ஈட்டியை நீட்டினால் குத்திவிடலாம். அப்போது இறங்கிய வசனம், மறைவில் தன்னை அஞ்சுபவர் யாரென வெளிப்படுத்தவே அல்லாஹ் அவர்களை இந்த வேட்டையைக் கொண்டு சோதிப்பதாகச் சொல்கிறது. அவர்கள் தொடவில்லை. தேறினார்கள்.

அதற்கு முன்னர் கடலோர ஊரொன்றில், நம்மைப் போல் மீனை நம்பி வாழ்ந்த ஒரு கூட்டத்துக்கும் இதே சோதனை வந்தது. சனிக்கிழமை பிடிக்கலாகாது என்பது அவர்களுக்கிட்ட தடை. மீன்களோ அன்றைக்குத்தான் தலைகாட்டின. மற்ற நாட்களில் வருவதில்லை. அவர்கள் நேராகத் தடையை மீறவில்லை. வெள்ளிக்கிழமை வலையை விரித்துவைத்து ஞாயிற்றுக்கிழமை அள்ளினார்கள். 'சனிக்கிழமை நாங்கள் பிடிக்கவில்லையே' என்று தமக்குத் தாமே சமாதானம் சொன்னார்கள். தோற்றார்கள்.

'நான் கொல்லவில்லை, நெல்தான் தூவினேன். பிஸ்மி சொல்லித்தான் அறுத்தேன்' என்று நாம் சொல்லும் சமாதானம் எந்தக் கூட்டத்தாருடைய பேச்சைப் போலிருக்கிறது? எண்ணிப் பாருங்கள். அந்த ஊரில் தவறு செய்தோரும் இருந்தார்கள், தடுத்தோரும் இருந்தார்கள். 'இவர்களுக்கு ஏன் புத்தி சொல்கிறீர்கள்?' என்று தடுத்தோரையே கேட்டவர்களும் இருந்தார்கள். தப்பியவர்கள் என்று திருமறை தெளிவாகச் சொல்வது தடுத்தவர்களைத்தான்.

மெய்ன் மாநிலத்தில் இரை வைத்த இடத்தில் பெயர் எழுதிக் கட்டவேண்டும் என்றேன். நம் பிள்ளைகள் இருட்டில், யாரும் பாராமல் வைக்கிறார்கள். ஆனால் அந்த இரையின் மேலும் பெயர் எழுதப்படுகிறது. எழுதுபவர்கள் நம் இரு தோள்களிலும் இருக்கும் கண்ணியமிக்க மலக்குகள்.

தாய்மார்களே! உங்களிடம் தனியே ஒரு வார்த்தை. பிள்ளையோ, கணவரோ, அண்டை வீட்டாரோ இறகு பிடுங்கிய பறவையைக் கொண்டுவந்து தந்தால், மசாலா அரைக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்படிப் பிடித்தது? அறுக்கும்போது துடித்ததா? பிடிக்க அனுமதி உண்டா? பதில் தெளிவாக இல்லையென்றால் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஹராமான ஒரு கவளம் துஆ ஒப்புக்கொள்ளப்படுவதற்குத் தடையாகும் என்பதை நாம் எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்! அந்தத் தடை அடுக்களை வாசலில்தான் நுழைகிறது. அங்கேயே நிறுத்தும் சக்தி உங்களுக்கு இருக்கிறது.

அந்த இளைஞரிடம் சொன்னேன்: "தம்பி, ஆடாமல் கிடந்தது ஹலாலில்லை. தெரியாமல் தின்றதற்கு அழுது தவ்பா செய்யுங்கள், அல்லாஹ் மன்னிப்பவன். மிச்சம் இருந்தால் புதைத்துவிடுங்கள், நாய்க்கும் போடாதீர்கள். கரையில் மீந்த நெல்லைக் கூட்டி அள்ளி ஆழமாய்க் குழி தோண்டி மூடுங்கள். அதுவும் தவ்பாவில் ஒரு பகுதிதான்."

மறுநாள் சுப்ஹு தொழுதுவிட்டு அவர் மண்வெட்டியோடு போனார். அந்தக் கூட்டாளியும் கூடவே போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கைக்கெட்டும் தூரத்தில் வேட்டை வரும்போதெல்லாம் மறைவில் தன்னை அஞ்சுவோரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் சேர்த்தருள்வானாக! ஹலாலானதை நமக்குப் போதுமானதாக்கி, ஹராமை விட்டும் நம் வீடுகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.