கிடை எழுந்த வயல்

மாம்பழச் சீசனில் ராஜபாளையம் மலையடிவாரத் தோப்புக்காரர்களிடம் மலை அணிலைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க முடியாது. காயைக் கடிக்கும், பாதியில் போடும், அடுத்த கொப்புக்குத் தாவும். அந்தச் சாம்பல் நிற அணிலுக்காகத்தான் 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு சரணாலயமானது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. தோப்புக்காரர் கோபம் நியாயமானதுதான். ஆனால் காட்டுக்குள் அதே அணில் கீழே போடும் பழத்தில் எறும்பு மொய்க்கிறது, புழு குடியேறுகிறது, மிச்சம் மக்கி மரத்தடி மண்ணிலேயே சேர்கிறது.

இந்தச் சுற்றில் திரும்பி வராதது வெயில் ஒன்றுதான். இலை பிடித்து வைத்த வெயிலை ஆடு தின்றால், அதில் நிறைய உடற்சூடாகக் கரைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு சதையாகத் தங்கினாலே அதிகம். தழைச்சத்தும் மணிச்சத்தும் அப்படியில்லை. அவை கைமாறிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கு ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கு அத்துப்படி. பகலெல்லாம் புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் மேய்ந்ததை, ராத்திரி அறுப்பு முடிந்த ஒரு வயலில் இறக்கிவிடுகின்றன ஆடுகள். புழுக்கையோடு மூத்திரமும் விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடும். குப்பைக் குழியில் போட்டு மக்கவைக்கும் எருவில் மூத்திரத்தின் சத்து பெரும்பாலும் தங்குவதில்லை. மறுநாள் இடம் மாற்றி அடைப்பார்கள். விடிகாலையில் கிடை எழுந்த வயலில் மிதிபட்ட தாளும் ஈரமும் மூக்கைத் துளைக்கும் நெடியும்தான் இருக்கும். அதற்குத்தான் வயல்காரர் காசோ நெல்லோ அளக்கிறார். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள்.

வயலுக்கு உதவ வேண்டும் என்று எந்த ஆடும் மேய்வதில்லை. பசித்தது, மேய்ந்தது. எனக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. எடுத்துக்கொள்வதே பாவம் என்பதுபோல் வளர்க்கப்பட்டவர்கள் நாம்; ஒரு கையால் எடுத்ததை மறு கையால் தானம் செய்து நேர்செய்யப் பார்க்கிறோம். கோயில் ட்யூப்லைட்டில்கூட உபயம் இன்னார் என்று எழுதி வைக்கிறோம். கொடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், கழிப்பதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. மாம்பழத் தோலைப் பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வீசுகிறோம். தெருமாடு அதைப் பையோடு விழுங்குகிறது.

செப்டிக் டேங்க் லாரி வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். நாம் தின்ற நெல்லின் சத்தில் ஒரு பங்கு அந்த லாரியில் ஊரை விட்டுப் போகிறது. நெல் விளைந்த வயலுக்கு யூரியா மூட்டை வேறொரு லாரியில் வந்து இறங்குகிறது.