கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

நெருக்கடி நிலைக் காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஜபல்பூர் வழக்கு விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா, அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். தனிப்பட்ட பகையால் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால் நீதிமன்றத்தில் பரிகாரம் உண்டா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் ஒழுங்கான தர்க்கம் இருக்கிறது. என்னைக் கலங்கடிப்பது அதுதான். அதன்படி, உயிர்வாழும் உரிமைக்கு அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு மட்டுமே இருப்பிடம். அந்தப் பிரிவைக் காட்டி நீதிமன்றம் போவதை 1975 ஜூன் 27-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை நிறுத்திவைத்துவிட்டது. எனவே விசாரணையில்லாமல் காவலில் வைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்டவரின் ஆட்கொணர்வு மனு செல்லாது. முதல் வாக்கியத்துக்குத் தலையாட்டிவிட்டால் மற்றதற்கும் ஆட்டித்தான் தீர வேண்டும். 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் நால்வர் தலையாட்டினார்கள். கன்னா மட்டும் அந்த முதல் வாக்கியத்தையே மறுத்தார். சாசனம் எழுதப்படுவதற்கு முன்பும், சட்டத்தின் துணையில்லாமல் யாருடைய உயிரையும் பறிக்க இந்த நாட்டில் ஒருவருக்கும் அதிகாரம் இருந்ததில்லை என்றார்.

இதே சண்டை இங்கிலாந்தில் முன்பே நடந்தது. ஆதாமுக்குப் பிள்ளைகள்மீது இருந்த அதிகாரமே வழிவழியாக மன்னனுக்கு வந்தது என்று ராபர்ட் ஃபில்மர் எழுதியிருந்தார். அதற்கு மறுப்பாக, 1689-ன் இறுதியில், பெயர் போடாமல் ஜான் லாக் தன் நூலை வெளியிட்டார். உயிரும் விடுதலையும் உடைமையும் அரசுக்கு முந்தியவை. அவற்றைக் காக்கவே மக்கள் சம்மதித்து அதிகாரத்தை ஒப்படைக்கிறார்கள். நம்பிக்கை முறிந்தால் அந்த அதிகாரம் அவர்களிடமே திரும்பும். இதை எழுதியவர் அடிமை வணிகம் செய்த நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தார் என்பதையும் நான் மறப்பதில்லை. அவர் சொன்ன உரிமை அவர் நினைத்ததைவிடப் பெரியது.

சட்டம் இல்லாமல் உரிமை ஏது என்று ஆங்கிலத் தத்துவஞானி பெந்தாம் கேட்டார். நியாயமான கேள்விதான், இயற்கை எந்த உரிமையையும் எழுதித் தரவில்லை, பிறந்த குழந்தையின் உடம்பில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் எனக்கு முக்கியம், யார் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது. உரிமை அரசின் கொடை என்றால், என்னை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று நான் விளக்க வேண்டும். அதிகாரம் நாம் ஒப்படைத்தது என்றால், ஒருவர்மீது கைவைக்கும் ஒவ்வொரு முறையும் அரசு விளக்க வேண்டும். பெரும்பான்மை வாக்கு வாங்கிய அரசும் இதற்கு விலக்கல்ல. வாக்களித்தவர்களிடமே இல்லாத அதிகாரத்தை அது எங்கிருந்து பெறும்?

கன்னா கொடுத்த விலை பெரிது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, பணியில் இளையவரான எம்.எச். பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். நெருக்கடி நிலையிலும் 21-வது பிரிவை முடக்க முடியாதபடி 1978-ல் 44-வது திருத்தம் வந்தது. ஜபல்பூர் தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் 2017-ல் புட்டசாமி வழக்கில் ரத்து செய்தது. புட்டசாமி தீர்ப்பின் முதன்மை உரையை எழுதிய டி.ஒய். சந்திரசூட், அன்றைய நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

ஆனாலும் விசாரணையில்லாத காவல் நம்மைவிட்டுப் போகவில்லை. சாசனத்தின் 22-வது பிரிவே அதற்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் 1982-ல் வந்த குண்டர் சட்டப்படி ஒருவரை ஓராண்டுவரை அப்படி அடைத்துவைக்கலாம். ஒருவர்மேல் குண்டாஸ் பாய்ந்தது என்று செய்தியில் படித்தால், அவர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதற்கு முன், அரசு என்ன காரணம் சொல்லியிருக்கிறது என்று தயவுசெய்து கேளுங்கள்.