வயலும் இலையும்

உணவைப் பற்றி நம் இல்லங்களில் கேட்கப்படும் கேள்விகள் பல. இதில் கிழங்கு சேர்ந்திருக்கிறதா, பூண்டு சேர்ந்திருக்கிறதா, தண்ணீர் வடிகட்டியதுதானா, பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்றெல்லாம் கேட்டுப் பழகியவர்கள் நாம். இவற்றைக் கேட்பதாலேயே அறவழியில் உண்கிறோம் என்ற மனநிறைவும் நமக்கு உண்டு. அந்த மனநிறைவைச் சோதித்த நிகழ்ச்சி ஒன்று ஒரு தை மாதத்தில் எங்களுக்கு நேர்ந்தது. அதை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொண்டு, அதிலிருந்து எழும் கேள்வி ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஜயமங்கலம் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயத்தைத் தரிசித்துவிட்டு, இரண்டு குடும்பத்தினர் ஒரே வண்டியில் ராசிபுரம் வழியாக ஆத்தூர் சாலையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். நாமகிரிப்பேட்டையை நெருங்கும்போது மாலை ஐந்து மணி ஆகியிருந்தது. நாதஸ்வர மேதை கிருஷ்ணன் அவர்களின் பெயரோடு சேர்த்தே நம்மில் பலர் அறிந்த ஊர் அது. சாலையின் இருமருங்கிலும் மஞ்சள் வயல்கள். தாள் காய்ந்து, கிழங்கு வெட்டும் பருவம். வெட்டிய மஞ்சளை வேக வைக்கும் மணம் காற்றில் வந்தது. இடையிடையே மரவள்ளித் தோட்டங்கள். பொழுது சாய்வதற்குள் உண்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஊரை ஒட்டியிருந்த ஓர் உணவகத்தில் வண்டியை நிறுத்தினோம்.

அது உணவகத்திற்கென்று கட்டிய கட்டடம் அன்று. பழைய ஓட்டு வீடு. திண்ணையும் முற்றமும் அப்படியே இருந்தன. நெல் மூட்டை அடுக்கிய அறையில் இப்போது பலகைகள் போட்டு இலை விரித்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய வயல். காலையில் அங்கே பறித்ததுதான் அன்றைய சமையல் என்பதே அவ்விடத்தின் பெருமை. எங்களுக்கும் அது பிடித்திருந்தது. இலையில் பரிமாறத் தொடங்கினார்கள்: சின்ன வெங்காயச் சாம்பார், மரவள்ளிக்கிழங்குப் பொரியல், பச்சை மஞ்சள் சேர்த்த துவையல், கீரை, மோர். எல்லாம் அன்று பறித்தவை. அவற்றுள் பெரும்பாலானவை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவை!

அப்போதுதான் நாங்கள் எங்கள் நியமங்களைச் சொன்னோம். அந்த வீட்டு அம்மாள் முகம் சுளிக்கவில்லை. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா தனியா எடுத்து வெச்சிருப்போமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, தணிந்துகொண்டிருந்த அடுப்பை மறுபடி மூட்டினார். புதிதாகப் பருப்பு வேக வைத்தார். அவருடைய மகன் ஓடிப்போய்ப் புடலங்காய் பறித்து வந்தான். பரிமாறிய இலைகள் மாட்டுத் தொட்டிக்குப் போயின. எங்களுடன் வந்த பெரியம்மா மட்டும், "எனக்காகப் புது அடுப்பு வேண்டாம் அம்மா, இருக்கிற சோற்றில் ஒரு பிடியும் கொஞ்சம் மோரும் போதும்" என்று சொல்லி, அதையே உண்டு எழுந்துவிட்டார். நாங்கள் கதிரவன் மறைவதற்குச் சற்று முன்பு அவசர அவசரமாக உண்டு முடித்தோம். வண்டியில் ஏறிய பின் எங்களுள் எழுந்த கேள்வி இது: அன்று விரதத்தைக் காத்தவர்கள் யார்? நாங்களா, பெரியம்மாவா?

அருகாமை அறமாகுமா?

இத்தகைய உணவகங்கள் இன்று உலகெங்கும் பெருகி வருகின்றன. இதற்கு வழிகாட்டியாகப் பலரும் குறிப்பிடுவது, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்னும் அம்மையார் 1971 ஆகஸ்டில் தொடங்கிய 'ஷே பனீஸ்' உணவகத்தை. அதுவும் ஒரு பழைய வீட்டை மாற்றி அமைத்ததுதான். அங்கே இரவு உணவுக்கு நீண்ட பட்டியல் கிடையாது. அன்றன்று கிடைத்த விளைபொருளைக் கொண்டு அமைத்த ஒரே விருந்தை எல்லோரும் உண்பது அவ்வீட்டின் வழக்கமாயிற்று. அருகிலுள்ள உழவர்களிடம் நேராக வாங்குவது, பருவத்தில் விளைந்ததை மட்டும் சமைப்பது என்ற நெறிகள் அங்கே வேரூன்றின. 1995-இல் அதே நகரத்துப் பள்ளி ஒன்றில் மாணவர்களே பயிரிட்டுச் சமைக்கும் தோட்டத்தையும் அவ்வம்மையார் உருவாக்கினார்.

இம்முயற்சியின் நன்மைகளை நாம் மறுக்க வேண்டியதில்லை. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம் நடக்கும் நாளில் விரலி, உருண்டை, பனங்காளி என்று தரம் பிரித்து மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். எட்டு ஒன்பது மாதம் பாடுபட்டவன் ஒரு பக்கம் நிற்க, விலையைச் சொல்பவர்கள் வாங்க வந்தவர்களே. தன் விளைவுக்குத் தானே விலை சொல்லும் உரிமை உழவனுக்கு எங்கே கிடைக்கிறது? வயலின் ஓரத்தில் இலை போட்டுப் பரிமாறும் அந்த வீட்டில் கிடைக்கிறது. உண்பவரும் உழவனின் முகத்தைப் பார்க்கிறார். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள். ஆகவே இதன் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அருகில் விளைந்தது என்பது தூரத்தின் அளவு. இம்சையின் அளவு அன்று. ஷே பனீஸ் உணவகத்தின் முதல் இரவில் முதன்மையாகப் பரிமாறப்பட்டது வாத்து இறைச்சி. அவ்வளவு தூரம் போவானேன்? நாமக்கல் மாவட்டம் நாடறிந்த கோழிப்பண்ணைப் பகுதி. அருகாமை ஒன்றே அளவுகோல் என்றால், அவ்வட்டாரத்தில் இலைக்கு முதலில் வர வேண்டியது முட்டைதான்! அருகாமை நமக்கு அறிவைத் தரும். எது எங்கிருந்து வந்தது என்று காட்டும். காட்டியதைக் கண்டு விலக்குவதும் குறைப்பதும் நம்முடைய வேலை.

நம் சான்றோர்கள் இம்சையை நான்காகப் பகுத்தார்கள்: மனமறிந்து கொல்லும் சங்கல்ப இம்சை, இல்லத்துச் செயல்களில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்யோக இம்சை, தற்காப்பில் நேரும் விரோத இம்சை. இல்லறத்தார் முதலாவதை முற்றும் விட வேண்டும்; மற்றவற்றை இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். உழவைப் பகவான் விருஷபதேவரே ஆறு தொழில்களுள் ஒன்றாக மக்களுக்குக் கற்பித்தார். கொழு முனையில் மண்புழு மடியும் என்பதை அறியாமல் கற்பித்தாரா? அறிந்தே கற்பித்தார், கூடவே அளவையும் விழிப்பையும் கற்பித்தார். ஆகவே உழவன் மேல் பழி போட்டுவிட்டு, அவன் விளைத்ததை உண்டு, நாம் தூயவர்கள் என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது. இலையில் அமர்ந்தவனுக்கும் கொழு முனையில் பங்கு உண்டு.

பசுமையும் உயிரும்

இன்னொரு முரண்பாட்டையும் இங்கே சிந்திக்க வேண்டும். இவ்வுணவகங்களின் முதற்பெருமை 'பச்சையாக, புதிதாக' என்பது. நம் நெறியிலோ, பச்சையாக இருப்பது உயிரோடு இருப்பது, சசித்தம். சிராவகனுக்குரிய பதினொரு படிகளுள் ஐந்தாவது, அத்தகைய பொருளைத் துறப்பது. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ளவற்றை விலக்கச் சொல்லுமிடத்தில், முள்ளங்கியையும் ஈரமான இஞ்சியையும் சேர்த்துச் சொல்கிறார். ஈரமான இஞ்சி என்ற அந்த அடைமொழியைக் கவனிக்க வேண்டும். உலர்ந்து சுக்கானதும் அதன் நிலை வேறு.

மஞ்சளும் அப்படியே. வயலில் வெட்டி எடுத்த கிழங்கு நட்டால் முளைக்கும், உயிருள்ளது. வேக வைத்துப் பல நாள் வெயிலில் உலர்த்தி மெருகேற்றிய விரலி முளைக்காது. அதனால்தான் பச்சை மஞ்சளை விலக்கும் இல்லங்களிலும் மஞ்சள் தூள் புழங்குகிறது. இதில் நியாயம் உண்டு. ஆனாலும், தூளாக நம் அஞ்சறைப் பெட்டிக்கு வரும் மஞ்சளும் ஒரு நாள் மண்ணைக் கிளறி எடுக்கப்பட்டதுதான். வேக வைத்தவர் வேறொருவர் என்பதே வேறுபாடு. அது போகட்டும், பாயசத்தில் நாம் இடும் ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது? சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது முழுக்க முழுக்க மரவள்ளிக்கிழங்கின் மாவு. இலையில் கிழங்கைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்ட எங்களில் எத்தனை பேர், வீட்டுப் பாயசத்திலும் வடகத்திலும் அதே கிழங்கைக் கண்டோம்? உருவம் மாறியதும் எங்கள் கேள்வி நின்றுவிட்டது. இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

வயலருகே உண்பதன் உண்மையான பயன் இதுதான் என்று தோன்றுகிறது. கடைப் பொட்டலம் மறைத்துவிடுவதை வயல் மறைப்பதில்லை. பார்த்தவன் பிறகு பார்க்காதவனைப் போல இருக்க முடியாது.

விருந்தும் விலையும்

நாள் குறிக்காமல் வருபவன் அதிதி. அவனோடு பகிர்ந்து உண்பதை அதிதி சம்விபாகம் என்று இல்லறத்தாரின் விரதங்களுள் ஒன்றாகவே நம் முன்னோர் வைத்தார்கள். அந்த ஓட்டு வீட்டின் திண்ணை, வழிப்போக்கர் அமரக் கட்டியது. இன்று அதே திண்ணையில் பணம் கொடுப்பவர் அமர்கிறார். இதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கூட்டுக் குடும்பம் கலைந்து, வெறிச்சோடிக் கிடக்க வேண்டிய வீட்டில் அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறார்கள். ஆனால் பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக, விருந்தினருக்குரிய அடக்கம் நம்மை விட்டுப் போகலாமா?

விருஷபதேவர் ஆறு மாத உண்ணாநோன்பு முடித்து ஆகாரத்திற்கு எழுந்தருளியபோது, மக்கள் பொன்னும் மணியும் யானையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துறவிக்கு என்ன தருவது என்று எவருக்கும் தெரியவில்லை. பகவான் எதையும் கேட்கவில்லை, திரும்பிச் சென்றார். மாதங்கள் பல கழிந்தபின், அஸ்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் தம்பி சிரேயாம்சன், முற்பிறவி நினைவு வரப்பெற்று, கரும்பின் சாற்றை அவர் திருக்கரங்களில் வார்த்தான். வயலிலிருந்து நேராகக் கைக்கு! அந்த நாளே அட்சய திருதியை. உலகம் அன்று பொன் வாங்க ஓடுகிறது. பொன்னை ஏற்காமல் திரும்பிய நாள்களின் முடிவே அது என்பது மறந்துபோயிற்று. பெற்றவர் கேட்கவில்லை, கொடுத்தவன் புதிதாக ஏற்பாடு எதுவும் செய்யவில்லை, இருந்ததைக் கொடுத்தான்.

தமக்கென்றே சமைத்த உணவைத் துறவிகள் ஏற்பதில்லை. உத்திஷ்டம் என்று அதை விலக்குவது பதினோராவது படியில் நிற்கும் சிராவகனுக்கும் கடமை. காரணம் தெளிவானது: என் பொருட்டு ஓர் அடுப்பு எரிந்தால், அதில் நேரும் இம்சை என்னைச் சேரும்.

அடுப்பு சொன்ன பாடம்

இனி எங்கள் கேள்விக்கு வருவோம். உத்திஷ்ட விதி நம்மைப் போன்ற எளிய இல்லறத்தாரைக் கட்டாது என்று வாதிடலாம், அது உண்மையே. பணம் கொடுத்தவன் விரும்பியதைக் கேட்பது அவன் உரிமை என்றும் சொல்லலாம். வியாபாரத்தில் அதுவும் சரியே. ஆனால் எங்கள் விரதத்தின் சுமையை அன்று சுமந்தவர் யார்? இரண்டாம் முறை அடுப்பூதியவர் அந்த அம்மாள். வீணாகிய இலைகளில் ஓர் உழவனின் உழைப்பு இருந்தது. புது விறகிலும் புது நீரிலும் எத்தனை சிற்றுயிர்கள் மடிந்தனவோ! கிழங்கிலுள்ள உயிர்களுக்கு இரங்கிய நாங்கள், அடுப்பிலுள்ள உயிர்களை மறந்தோம். எதிரே நின்ற மனிதரின் களைப்பையும் மறந்தோம்.

அப்படியானால் நியமத்தை விட்டு எல்லாவற்றையும் உண்டிருக்க வேண்டுமா? இல்லை. நியமத்தைத் தளர்த்துவதற்கு இது சாக்காகிவிடக் கூடாது. பெரியம்மா மூன்றாவது வழி ஒன்றைக் காட்டினார். விலக்க வேண்டியதை விலக்கினார். அதற்கு ஈடாக வேறொன்றைக் கேட்கவில்லை. விரதம் என்பது குறைத்துக்கொள்வது. ஒன்றை விட்டு அதற்குப் பதில் மற்றொன்றைப் பெறுவது பண்டமாற்று. போக உபபோகப் பரிமாணம் என்னும் விரதத்தின் உட்பொருளை எந்த நூலும் இல்லாமல் ஒரு பிடிச் சோற்றில் அவர் விளக்கிவிட்டார்.

அந்தப் பயணத்திற்குப் பின் எங்கள் இரு குடும்பங்களும் சில பழக்கங்களை ஏற்றுக்கொண்டோம். வெளியில் உண்ண நேர்ந்தால், இலை போடுவதற்கு முன்பே எங்கள் நியமங்களைச் சொல்லிவிடுகிறோம். சொல்ல மறந்துவிட்டால், அந்தப் பிழைக்கு நாங்களே பொறுப்பேற்று, இருப்பதில் உண்ணத்தக்கதை மட்டும் உண்டு எழுகிறோம். வீட்டுக்கு வரும் பொருள் எந்த மண்ணிலிருந்து, எந்த வடிவத்திலிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், தெரிந்துகொண்டு பதில் சொல்கிறோம். ஜவ்வரிசிப் பாயசம் எங்கள் வீடுகளில் நின்றுவிட்டது. அரிசிப் பாயசம் இனிக்கத்தான் செய்கிறது.

விரதம் நம் தோளில் சுமையாக இருக்கட்டும். அது பிறர் தோளுக்கு மாறும்போது, இலை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அறம் அங்கே குறைந்துபோகிறது. புறப்படும் வேளையில் அந்த அம்மாள், "அடுத்த தடவை வரப்போ சொல்லிட்டு வாங்க, கிழங்கில்லாமச் சமைச்சு வெக்கறேனுங்க" என்றார். எங்களுக்காக அடுப்பு மூட்டிய களைப்பு தீராத நிலையிலும் அப்படிச் சொன்னவர் அவர். அதிதி சம்விபாகம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். எங்களுக்கோ சொல் தெரிந்திருந்தது; பொருளை அவரிடம் கற்றுக்கொண்டு வந்தோம்.