காட்டுவதும் காண்பதும்

திருவதிகை மனவாசகம் கடந்தார் தம் ஆசிரியர் மெய்கண்டாரிடம் கேட்ட ஐயங்களும் பெற்ற விடைகளும்தான் ‘உண்மை விளக்கம்’ என்ற சித்தாந்த நூல். அதே திருவதிகையில், ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஞாயிறுதோறும் சித்தாந்தம் சொல்லித் தருகிறார். ஒரு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒருவர் மட்டும் தயங்கி நின்றார்.

சீடன்: ஐயா, இனி வகுப்புக்கு ஒழுங்காக வர முடியுமா என்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

குரு: உடம்புக்கு ஏதாவதா?

சீடன்: இல்லை ஐயா. வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. வீட்டுக்காரி நர்ஸ் வேலையில் இருக்கிறாள். காலை ஷிப்ட் என்றால் விடியுமுன்பே கிளம்பிவிடுவாள். அதன் பிறகு பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் என் பொறுப்பு. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால், சின்னவன் தூக்கக் கலக்கத்தோடு வந்து மடியில் ஏறிக்கொள்கிறான். என் இமையை இரண்டு விரலால் பிரித்துப் பார்த்து, ‘அப்பா, உள்ள இருக்கியா?’ என்று கேட்கிறான்.

குரு: நல்ல கேள்வி. நீ என்ன சொன்னாய்?

சீடன்: ‘இருக்கேன்டா’ என்றேன். அதோடு அன்றைய சாதனை முடிந்தது. இவர்கள் வளர்ந்த பிறகு எல்லாவற்றையும் தொடங்கலாமா என்று தோன்றுகிறது.

குரு: உட்கார். இன்று காலை என்ன நடந்தது? அதைச் சொல். தத்துவத்தைப் பிறகு பார்ப்போம்.

சீடன்: பெரிதாக ஒன்றும் இல்லை ஐயா. பாலுக்குச் சண்டை. பெரியவளுக்கு நீளமான டம்ளரில் கொடுத்தேன், சின்னவனுக்கு டபராவில். ஒரே கரண்டியால் அளந்துதான் ஊற்றினேன். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ‘அக்காவுக்கு மட்டும் நெறய!’ என்று தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். அவன் கண்ணெதிரே அவனுடைய பாலை இன்னொரு நீள டம்ளருக்கு மாற்றினேன். உடனே அழுகை நின்றது. ‘இப்ப நெறய ஆயிடுச்சு’ என்றான். பெரியவள் சிரிக்கிறாள். ‘டேய், அதே பால்தான்டா’ என்கிறாள். அவன் காலி டபராவை எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கிறான். அதில் இன்னும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறதோ என்று சந்தேகம்.

குரு: ஜெனீவாவில் பியாஜே என்ற உளவியலாளர் குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்த சோதனை இதுதான். அகலமான பாத்திரத்தில் இருப்பதைக் குழந்தையின் கண்முன்னாலேயே உயரமான பாத்திரத்துக்கு மாற்றுவார்கள். இப்போது எதில் அதிகம் என்று கேட்பார்கள். ஆறேழு வயது ஆகும்வரை பெரும்பாலான குழந்தைகள் உயரமானதைத்தான் காட்டும். பயிற்சி நிறுவனத்தில் வருடம் தவறாமல் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். பியாஜேவுக்கு இரண்டு பெண், ஒரு பையன். அவர்கள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தவர் அவர். பரீட்சைக்காகப் படித்த என் மாணவர்களுக்கு அந்த டம்ளர் ஒரு மதிப்பெண். உனக்கு அது காலைப் பொழுது. சரி, உன் மகன் பொய் சொன்னானா?

சீடன்: இல்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

குரு: உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது என்று சென்ற மாதம் படித்தோமே. அவன் உயிர் அந்த நேரத்தில் கண்ணைச் சார்ந்திருக்கிறது. கண்ணோ உயரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீ அவனுக்குக் கணக்கு விளக்காமல், அவன் நிற்கும் இடத்துக்குப் போய் டம்ளரை மாற்றிக் கொடுத்தாய். அது சரியான வேலை. மேலே சொல்.

சீடன்: மற்ற நாட்களில் இதன் பிறகு பள்ளிக்கூடம். நடந்து போனால் பத்து நிமிடம். எங்களுக்கு அரை மணி நேரம் ஆகிறது. முதலில் நத்தை. மழை பெய்த மறுநாள் சுவரோரம் ஒரு நத்தை போய்க்கொண்டிருந்தால், அது அந்தச் சுவரைக் கடக்கும்வரை நாங்கள் மூவரும் நிற்க வேண்டும். பிறகு ரயில்வே கேட். அது மூடியிருந்தால் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம். கூட்ஸ் வண்டி வந்தால் பெட்டிகளை எண்ணுவார்கள். சின்னவன் ‘ஆறு, ஏழு, பத்து’ என்று எண்ணுவான். பெரியவள் அவனைத் திருத்துவதில் தன் எண்ணிக்கையை விட்டுவிடுவாள். பிறகு வண்டியைத் திரும்ப வரச் சொல்லி அழுகை. கார்ட் கொடியை ஆட்டிவிட்டுப் போனால் அன்று முழுக்க அதே பேச்சு.

குரு: உனக்கு?

சீடன்: எனக்கும்தான் ஐயா. ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கொடி நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒன்று. காலையிலிருந்து ராத்திரிவரை, ‘அப்பா, பாருங்கப்பா! அப்பா, இங்க பாருங்க!’ எறும்பைப் பாருங்க, என் நிழலைப் பாருங்க, நான் ஒரே காலில் நிற்கிறதைப் பாருங்க. பலாப்பழக் காலம் வந்தால் சுளையைத் தின்னுவதைவிடக் கொட்டையைக் காட்டுவதுதான் பெரிய வேலை. ‘இதுக்குள்ள மரம் எங்கப்பா இருக்கு?’ என்று பெரியவள் ஒரு கொட்டையை அரிவாள்மனையில் இரண்டாக வெட்டிக் கேட்டாள்.

குரு: விளைவு காரணத்துக்குள்ளேயே இருக்கிறது என்னும் சற்காரியவாதத்துக்கு ஆலவிதையை எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்குப் பலாக்கொட்டைதான் பொருத்தம். அது கிடக்கட்டும். அவர்கள் பார்க்கச் சொல்லும்போது நீ பார்க்காவிட்டால் என்ன ஆகும்?

சீடன்: பெரியவள் திரும்பக் கூப்பிடுவாள். சின்னவன் வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்புவான். பலாப் பால் ஒட்டிய கை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் பிசுக்கு முழுதாகப் போயிருக்காது. அந்தக் கையால் என் முகத்தைத் தான் காட்டும் பக்கம் திருப்பி, என் கண் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்ப்பான். போனைப் பார்த்துக்கொண்டே ‘சூப்பர்டா’ என்றால் ஒத்துக்கொள்ள மாட்டான். ‘நீ பாக்கல’ என்பான்.

குரு: ஒரு வயதை நெருங்கும்போதே குழந்தை விரல் நீட்டத் தொடங்கிவிடும். அந்தப் பொருளை எடுத்துக்கொடு என்பதற்காக மட்டும் நீட்டுவதில்லை. நிலவை யார் எடுத்துக் கொடுக்க முடியும்? விரலை நீட்டிவிட்டு அது நிலவைப் பார்க்காமல் உன் முகத்தைப் பார்க்கும். நீயும் பார்க்கிறாயா என்பதுதான் அதற்குத் தெரிய வேண்டும். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் 11ஆம் சூத்திரத்தில் என்ன படித்தோம்?

சீடன்: கண் தானாகக் காண்பதில்லை. உயிர் உடன் நின்று காட்டுவதால் காண்கிறது. அதே வகையில் உயிரும் தானாக அறிவதில்லை. இறைவன் அதற்குக் காட்டுகிறான், அதோடு சேர்ந்து தானும் காண்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம்.

குரு: காட்டினால் மட்டும் போதாதா? இரண்டாவது உபகாரம் எதற்கு என்று அன்று வகுப்பில் கேட்டவன் நீதான். என் விடை உனக்கு நிறைவு தரவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இன்று உன் மகன் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறான். நத்தையை அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான். கண் நன்றாக இருக்கிறது, நத்தையும் எதிரில் இருக்கிறது. ஆனாலும் நீ உடன் காணும்வரை அவனுக்கு அந்தக் காட்சி முடிவதில்லை.

சீடன்: அப்படியானால் பிள்ளைகளுக்கு அப்பா இறைவனின் இடத்தில் நிற்கிறான் என்கிறீர்களா? எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

குரு: அப்படிச் சொல்ல மாட்டேன். நீயும் பசு, அதாவது கட்டுண்ட உயிர்; அவனும் பசு. உனக்கும் காட்ட ஒருவன் வேண்டும், உன்னோடு காண ஒருவன் வேண்டும். நத்தையைக் கடைசியாக எப்போது நின்று பார்த்தாய், பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு?

சீடன்: சின்ன வயதில் பார்த்திருப்பேன்.

குரு: அப்படியானால் யாருக்கு யார் காட்டினார்கள்? மெய்கண்டார் கதையை நினைத்துக்கொள். திருவெண்ணெய்நல்லூரில் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவர் உபதேசம் பெற்றுப் பிறருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது மரபு. அந்தக் குடும்பத்தின் குலகுருவான அருணந்தி சிவாசாரியார் பார்க்கப் போனார். எல்லா நூலும் கற்றவர். பிள்ளை அவரைப் பொருட்படுத்தவில்லை. ஆணவ மலத்தின் இயல்பு என்ன என்று நின்றபடியே கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. அவரைத்தான் ஏற இறங்கப் பார்த்தது. தாம் நின்ற நிலையே விடை என்று அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்கே சீடரானார். பின்னால் சிவஞான சித்தியார் எழுதியவர் அவர்தான். நான் படித்த மரபுக் கதைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இது. உனக்கு அந்தச் சங்கடம்கூட இல்லை. தாடையைப் பிடித்துத் திருப்பியே விடுகிறான்.

சீடன்: ஒரு பிள்ளை என்றால் சரி ஐயா. எனக்கு இரண்டு. ஒருத்தியைப் பார்த்தால் மற்றவன் காத்திருக்க வேண்டும். பாலை அளந்து ஊற்றலாம், பார்வையை எப்படி அளப்பது?

குரு: அளக்க முடியாது. சார்லஸ் டார்வின் தம் மூத்த மகனைக் குழந்தையிலிருந்தே கவனித்துக் குறிப்பு எழுதிவைத்தார். 1877இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதில் ஓர் இடம். பையனுக்குப் பதினைந்தரை மாதம். அப்பா கைக்குழந்தையான தங்கையை எடை போடுகிறார். பையனுக்குப் பொறாமை வந்துவிட்டது. அப்பா செய்தது எடை பார்த்ததுதான். ஆனால் அவர் கண் அந்த நேரத்தில் தங்கை மேல் இருந்தது. உன் வீட்டில் இதற்கு வழி இருக்கிறதா?

சீடன்: நான் கண்டுபிடித்த வழி ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. நான் தோசைக்கல் முன்னால் நிற்கிறேன். சின்னவன் கூடத்தில் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிவிட்டான். ‘அப்பா, வாங்க’ என்று கத்துகிறான். தோசையை விட்டு வர முடியாது. பெரியவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனாள். அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உச்சியிலிருந்து அடிவரை ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்தாள். ‘நான் பாத்துட்டேன்டா. திருவதிகைக் கோயில் மாதிரியே இருக்கு’ என்றாள். அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். ‘அக்கா பாத்துட்டா’ என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டு, தானே அதைத் தட்டிவிட்டுத் திரும்பக் கட்டப் போனான். ஐயா, இந்தப் பிள்ளைகளால் எனக்குக் கிடைத்த எத்தனையோ சந்தோஷங்களில் அதற்கு ஈடு கிடையாது. தோசை கருகிவிட்டது.

குரு: கருகட்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. திலகவதியார் பிறந்த திருவாமூர் பக்கத்தில்தான் இருக்கிறது. பெற்றோர் போனார்கள், மணம் பேசியிருந்தவர் போரில் மடிந்தார். தம்பிக்காக உயிரைத் தாங்கி இருந்தார் அந்த அக்கா. வேறு சமயத்துக்குப் போன தம்பி சூலை நோயோடு திரும்பி வந்தபோது, இதோ இந்தக் கோயிலுக்கு அழைத்துவந்தவரும் அவரே. அந்தத் தம்பிதான் அப்பர்; அவர் நமக்குக் கிடைத்தது அப்படி. வீட்டில் இரண்டாவது குழந்தை வந்ததும் அப்பாவின் பார்வை பாதியாகிவிடும் என்று பயந்தாய். அங்கே இன்னொரு ஜோடிக் கண் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. நீ அவளைப் பார்த்த பார்வையிலிருந்துதான் கற்றிருப்பாள்.

சீடன்: ஆனால் இது பற்று இல்லையா ஐயா? விட வேண்டியதை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேனோ என்று ஓர் உறுத்தல்.

குரு: இவள் டாக்டர் ஆவாளா, இவன் என்னைக் காப்பாற்றுவானா என்று பார்க்கும்போது பற்று. அப்போது நீ பிள்ளையைப் பார்ப்பதில்லை, உன் பிற்காலத்தைப் பார்க்கிறாய். புறநானூற்றின் 188ஆம் பாட்டைப் பாடியவர் யார்?

சீடன்: பாண்டியன் அறிவுடை நம்பி.

குரு: அரசன். அவன் பிள்ளை நாளைக்கு அரியணை ஏற வேண்டியவன். அதைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு சொல் கிடையாது. குறுகுறுவென நடக்கும் பிள்ளை சோற்றில் கை வைத்து என்னென்ன செய்கிறது என்று, அந்தக் கையின் ஒவ்வொரு வேலையையும் வரிசையாகச் சொல்கிறான். எவ்வளவு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல வரும்! எத்தனை பேர் பந்தியில் உண்ணும் செல்வம் இருந்தாலும் இது இல்லாவிட்டால் வாழ்நாள் வீண் என்கிறான். இதைப் பற்று என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நீ வகுப்புக்கு வா. விடியற்காலையில் அவன் மடியில் ஏறினால் ஏறட்டும், இறக்கிவிடாதே. அவன் இமையைப் பிரித்துக் கேட்டால் பதில் சொல்.

சீடன்: சாயங்காலம் களைத்துப்போய் வரும் நாளில்? அப்போது எதையும் பார்க்க என்னிடம் தெம்பு இருப்பதில்லை ஐயா.

குரு: அதைச் சொல்லிவிடு. ‘இப்ப முடியலடா, பத்து நிமிஷம் கழிச்சு வந்து பாக்கறேன்’ என்று சொல். சொன்னபடி எழுந்து போய்ப் பார். ‘ம்ம், ம்ம்’ என்று தலையாட்டி ஏமாற்றாதே.

சீடன்: பத்து நிமிஷம் என்றால் என்னவென்று சின்னவனுக்குத் தெரியாது.

குரு: பெரியவளுக்குத் தெரியுமே.

சீடன்: அவள் கடிகாரத்துக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துவிடுவாள். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பெரிய முள்ளைக் காட்டிக்கொண்டிருப்பாள். அது வந்து தொட்டதும் இரண்டு பேரும் ஓடி வருவார்கள்.

குரு: வந்ததும் எழுந்து போ. இன்றைக்கும் நேரமாகிவிட்டது, கிளம்பு. அடுத்த ஞாயிறு அவர்களையும் கூட்டிக்கொண்டு வா.